முயலுக்கு எதற்கு ஷாம்பூ?

ஜடாயு என்ற பறவைக்கு ராமனே ஈமக்கடன் செய்ததாகத் தலபுராணம் சொல்லும் திருப்புட்குழியில்கூட, புதிதாக வீட்டுக்கு வரும் முயலை உயிரோடு இருக்கும்போதே நீராட்டிவிட நம் கை பரபரக்கும். ஜடாயுவுக்காவது எல்லாம் முடிந்த பிறகுதான் சடங்கு. முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. நனைந்த ரோமம் காய நேரமாகும். குளிரும் பயமும் சேர்ந்தால் அதிர்ச்சியில் உயிரே போகலாம். "நாறுகிறதே" என்பார்கள். நாறுவது பெரும்பாலும் கூண்டு. அதைக் கழுவ யாருக்கும் கை வராது. "மல்லாக்கப் போட்டால் சுகமாகப் படுத்திருக்கிறதே" என்பது அடுத்த வாதம். அது சுகமில்லை, பிடித்தவன் தின்னப்போகிறான் என்று விறைத்துப்போன நிலை.

அப்படியானால் முடியைச் சீவவும் கூடாதா? சீவத்தான் வேண்டும். முயலுக்கு வாந்தி எடுக்க வராது; நக்கி விழுங்கிய முடி வெளியேறப் பச்சைப் புல்லும் உலர்ந்த புல்லும் நிறைய தின்றாக வேண்டும். உதிர்கிற முடியை முன்கூட்டியே மென்மையான பிரஷ்ஷால் எடுத்துவிட்டால் சுமை குறையும். ஆனால் வந்த அன்றே அல்ல. தரையில் உட்கார்ந்து, அதுவாக வந்து முகரும்வரை சும்மா இருக்க வேண்டும். செல்பி எடுக்காமல் சும்மா இருப்பதற்குத்தான் இன்னும் பயிற்சி வகுப்பு எதுவும் வரவில்லை.