விசேஷம் இல்லாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

கல்யாணம் முடிந்த மூன்றாவது மாதமே, “என்ன, விசேஷம் ஏதும் உண்டா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்பது உங்கள் மனைவியின் வயிற்றைப் பார்த்துத்தான். உங்களைப் பார்த்து யாரும் கேட்கமாட்டார்கள். புது மாப்பிள்ளையே, இந்தச் சலுகை கடைசிவரை கைநழுவிப் போகாமல் காப்பாற்றிக்கொள்ளும் வழிகள் கீழே.

பிள்ளை வேண்டாம், அல்லது ஒன்றே போதும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடிவெடுத்திருந்தால் இதைப் படிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறும் குழந்தைகளின் சராசரி 1.8 என்றது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இந்தக் குறைவில் பெரும்பகுதி, பெண்கள் படித்ததாலும், போதும் என்று பெற்றவர்களே தீர்மானித்ததாலும் வந்தது. 2024-ல் முதலமைச்சர் ஸ்டாலின் ஒரு கல்யாண மேடையில் பதினாறு பிள்ளைகள் பேச்சை எடுத்தார். கேட்டவர்களில் எத்தனை பேர் எல்.கே.ஜி. ஃபீஸை பதினாறால் பெருக்கிப் பார்த்தார்களோ. நம் கையேடு, வேண்டும் என்று நினைத்தும் பிள்ளை தங்காதவர்களுக்கானது. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்ன கணக்குப்படி, ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார். அந்த ஜோடிகளில் ஏறக்குறையப் பாதியில் ஆண் பக்கமும் காரணம் உண்டு. இந்தக் கடைசி வரி மாமியார் காதுக்குப் போகக் கூடாது.

முதல் வேலை, சூடு. விதைகளை உடம்புக்கு வெளியே வைத்ததில் இயற்கைக்கு ஒரு கணக்கு இருக்கிறது: உடல் சூட்டைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். இதைக் கெடுப்பது சுலபம். லேப்டாப்பை மடியிலேயே வையுங்கள். 2005-ல் நியூயார்க்கின் ஸ்டோனி புரூக்கில் 29 இளைஞர்களை ஒரு மணி நேரம் அப்படி உட்காரவைத்து அளந்தார்கள். விதைப்பைச் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் ஏறியது. லேப்டாப் இல்லாமல் தொடையைச் சேர்த்து உட்கார்ந்ததிலேயே 2.1 டிகிரி ஏறிவிட்டதாம், ஆகவே கம்ப்யூட்டர் வேலை கிடைக்காதவர்களும் மனம் தளர வேண்டாம். உள்ளாடை இறுக்கமாக இருக்கட்டும். அமெரிக்காவில் 656 ஆண்களைப் பார்த்த ஒரு ஆய்வில், தொளதொள உள்ளாடைக்காரர்களுக்கு விந்தணு அடர்த்தி 25 சதவீதம் அதிகமாக இருந்தது. “எங்க தாத்தா வேட்டிதான் கட்டினார், ஒன்பது பெத்தார்” என்று யாராவது ஆரம்பித்தால், தாத்தாவுக்குப் பத்தொன்பது வயதில் கல்யாணம் ஆனதையும், பாட்டிக்குக் கருத்தடை என்றால் என்னவென்றே தெரியாததையும் ஞாபகப்படுத்துங்கள். வேட்டிக்கு அவ்வளவு பெருமை ஆகாது.

அடுத்து, ஜிம். தண்டாலும் பஸ்கியும் எடுத்து உடம்பு ஏற்றிப் பிரயோஜனமில்லை, அது உடம்புக்கு நல்லது. மாஸ்டர் ஓரமாகக் கூப்பிட்டு, “ஒரு சைக்கிள் போடுங்க ப்ரோ, கல்யாண போட்டோவுல சட்டை கிழியும்” என்பார் இல்லையா, அந்த ஊசிதான் நமக்கு வேண்டும். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துத்தான் அது விதைகளுக்கு உத்தரவு போடும். ஊசி வழியாக வெளிச்சரக்கு வந்து இறங்கினால், நம் ஆலைக்கு இனி வேலையில்லை என்று உத்தரவை நிறுத்திவிடும். விந்தணு உருவாக, விதைக்குள்ளேயே ஊறும் டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு தேவை. புஜத்தில் குத்தி அதை நிரப்ப முடியாது. சில மாதத்தில் விதை சுருங்கும், பலருக்கு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே போகும். மார்பு மட்டும் பயில்வான்போல் நிமிர்ந்து நிற்கும். உலக சுகாதார நிறுவனம் வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்தது. 1990-லும் 1996-லும் முடிவுகள் வெளிவந்தன. நன்றாகவே வேலை செய்தது. அதே சங்கதியை நீங்கள் ‘ஆண்மை’ என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு மெல்ல மெல்லத் திரும்பிவிடும். ஆகவே நிறுத்தாதீர்கள்.

சிகரெட், குட்கா, சனிக்கிழமை சரக்கு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகும். அதனால் ஒரே ஒரு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, “ஒண்ணும் மாறல” என்று பழையபடி ஆரம்பித்துவிடலாம். மூன்று மாதம் தாக்குப்பிடித்தால்தான் ஆபத்து.

சுற்றுச்சூழலும் கைகொடுக்கும். ஜெருசலேமின் ஹகாய் லெவினும் நியூயார்க்கின் ஷன்னா ஸ்வானும் சேர்ந்து உலகெங்கும் நடந்த பழைய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். 1973-ல் ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கோடியாக இருந்த விந்தணு, 2018-ல் 5 கோடிக்கும் கீழே என்றது அவர்கள் 2022-ல் வெளியிட்ட கணக்கு. 5 கோடியே தாராளம்தான், 1.6 கோடிக்குக் கீழே போனால்தான் டாக்டர் புருவத்தை உயர்த்துவார். அன்று எண்ணிய முறையையும் இன்று எண்ணும் முறையையும் ஒப்பிடலாமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் தாலேட்டுகளும் பிஸ்பினால்-ஏயும் ஹார்மோன்களின் வேலையில் குறுக்கிடுவது விலங்குகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. மனிதர்களில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்த்து முடிக்கும்வரை நீங்கள் சால்னாவைக் கவரிலேயே வாங்கலாம். கொதிக்கக் கொதிக்க ஊற்றியதும் கவர் குழைந்து தொங்கும், பரோட்டா மாஸ்டர் அதன் வாயைத் திருகி ரப்பர் பேண்டை நாலு சுற்று சுற்றி எறிவார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. அது என்ன பிளாஸ்டிக் என்று அவரிடம் கேட்கப் போகாதீர்கள், பரோட்டா ஆறிவிடும்.

ஆனால் டி.பி.சி.பி. விஷயத்தில் சண்டையே கிடையாது. மண்ணில் இருக்கும் நூற்புழுவைக் கொல்லும் மருந்து அது. எலிக்குக் கொடுத்தால் விதை சுருங்குகிறது என்று 1961-லேயே அச்சில் வந்துவிட்டது. ஆனாலும் தயாரித்துக்கொண்டே இருந்தார்கள். 1977-ல் கலிஃபோர்னியாவின் லாத்ரோப் என்ற ஊரில், அதைத் தயாரித்த ஆலைத் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது, கொஞ்ச காலமாக நம்மில் யாருக்கும் பிள்ளை பிறக்கவில்லையே என்று பிடிபட்டது. டெஸ்ட் எடுத்தால் பலருக்கும் ஒன்று பூஜ்யம், இல்லை மிகக் குறைவு. 1979-ல் அமெரிக்கா அந்த மருந்தின் பெரும்பாலான உபயோகங்களை நிறுத்தியது. எல்லாம் ஆண்கள் வாயைத் திறந்து பேசியதால் வந்த வினை! நம் ஊர் டீக்கடையில் அரசியலும் கிரிக்கெட்டும் போதும். வயலுக்கு மருந்தடிக்கும்போது கையுறையெல்லாம் வேண்டாம், மூக்கில் ஒரு துண்டைச் சுற்றினால் ஆயிற்று.

இனி வைத்தியம். எதையும் மனைவியிடமிருந்து தொடங்குங்கள். தைராய்டு, நீர்க்கட்டி ஸ்கேன், குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று மருந்தை ஏற்றி எடுக்கும் எக்ஸ்ரே, வயிற்றில் துளைபோட்டு லேப்ராஸ்கோபி என்று வரிசையாகப் போகட்டும். அரச மரத்தையும் அவளே சுற்றட்டும். திருக்கருகாவூர் மட்டும் கொஞ்சம் யோசித்துப் போங்கள். கர்ப்பரட்சாம்பிகை சன்னதியில் மந்திரித்துத் தரும் நெய்யைத் தம்பதி இருவரும் 48 நாள் சாப்பிட வேண்டும் என்பார்கள். அம்பாளே உங்களையும் கணக்கில் சேர்த்திருக்கிறாள். ரொம்ப நெருக்கினால் லாட்ஜில் முகாம் போடும் ‘பரம்பரை’ வைத்தியரிடம் போய் லேகியம் வாங்கி வாருங்கள். அந்த மாதிரி விளம்பரங்களுக்கு எதிராக 1954-லேயே சட்டம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டு மூத்திரச் சுவரில் ஒட்டிய போஸ்டருக்கு அது தெரியாது.

மீதி இருப்பது ஒரே ஒரு டெஸ்ட், சில நூறு ரூபாய். கத்தியில்லை, மயக்கமருந்தில்லை. ஆனாலும் இதுதான் உங்கள் பரம எதிரி. மூடியில் வெள்ளை டேப் ஒட்டிய சின்ன டப்பாவைக் கொடுப்பார்கள். டேப்பில் பெயர், வயது, எடுத்த நேரம். “எத்தனை நாள் கேப் சார்?” என்று கவுண்டர் பெண் கேட்பார், இரண்டிலிருந்து ஏழு நாள் இருக்க வேண்டும். பின்னால் சுகர் டெஸ்டுக்கு நிற்கும் உங்கள் தெருக்காரர் காதைத் தீட்டிக்கொள்வார். வீட்டில் எடுத்தால், ஆறவிடாமல் சட்டைக்குள் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும். டிராஃபிக்கைக் காரணம் காட்டித் தப்பிக்க இது நல்ல இடம்.

தப்ப முடியாமல் போய், கவுண்ட் கம்மி என்றே ரிப்போர்ட் வந்துவிட்டால் பதற வேண்டாம். வெரிகோசீலாக இருக்கலாம், விதைப்பையில் ரத்தக்குழாய் புடைத்துச் சுருண்டு கிடப்பது, சின்ன ஆபரேஷனில் பலருக்குச் சரியாகிறது. அந்தப் பேச்சே எழாதபடி ரிப்போர்ட்டை பைக் சீட்டுக்கு அடியில், ஆர்.சி. புக்கோடு சேர்த்துச் செருகிவிடுங்கள். அம்மாவிடம், “அவளுக்குத்தான் நீர்க்கட்டியாம்” என்று சொல்லுங்கள். அடுத்த மாதம் டாக்டரை மாற்றுங்கள். புது டாக்டர் எடுத்த எடுப்பிலேயே, “சாருக்கு செமன் டெஸ்ட் எடுத்தாச்சா?” என்று கேட்டால், அந்த அம்மாவும் சரியில்லை.