தணிகைத் தபால்பெட்டி: ஒட்டியாணம், மந்திர வாள், அரிசி இழுக்கும் கலசம்

‘உங்கள் வீட்டில் ராசியில்லாத பொருள் ஏதாவது உண்டா?’ என்று போன இதழில் ஒரு வரி கேட்டிருந்தோம். தபால்காரர் இப்போது என்னைப் பார்த்தாலே முறைக்கிறார்.

கே: கொள்ளுப்பாட்டியின் ஒட்டியாணம் வீட்டில் இருக்கிறது. ‘அதைப் போட்டவங்க யாரும் நல்லா வாழ்ந்ததில்ல’ என்கிறார் மாமியார். மலைமேல் முருகன் உண்டியலில் போட்டுவிடவா? (வாசகி, பொதட்டூர்ப்பேட்டை)

ப: போடுவது சுலபம், எடுப்பதுதான் கஷ்டம். திருப்போரூர் கந்தசுவாமி கோயில் உண்டியலில் ஒரு பக்தரின் ஐபோன் தவறி விழுந்தது. 2024 டிசம்பரில் உண்டியலைத் திறந்தபோது, கேட்டுப் போனவரிடம், ‘சிம் கார்டை எடுத்துக்கோங்க, போன் சாமிக்கு’ என்றார்கள். அங்கே இருப்பவரும் இங்கே இருப்பவரும் ஒரே முருகன்தான் என்பதை மறக்க வேண்டாம்.

போடுவதற்கு முன் ஒரு விஷயம். கொள்ளுப்பாட்டி காலத்தில் காலரா வந்தால் தெருவே காலியாகும். பிரசவ அறைக்குப் போன பெண் திரும்புவாளா என்று வாசலில் காத்திருப்பார்கள். அத்தனை சாவுக்கும் காரணம் தேடியவர்கள் கண்ணில் பெட்டியிலிருந்த ஒட்டியாணம் பட்டிருக்கிறது. அது வாய் திறந்து மறுக்கவா போகிறது? கொக்கி தேய்ந்திருந்தால் ஆசாரியிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். ‘சாபம்’ என்று சொன்னவரே அடுத்த வாரம் ‘எடைக்கு நான் எடுத்துக்கறேன்’ என்று வந்தால், சாபம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கே: மாயாஜால நாவல் எழுதுகிறேன். சபிக்கப்பட்ட மோதிரம், ரத்தம் குடிக்கும் வாள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். நம் பக்கத்தில் எதுவும் இல்லையா? (கல்லூரி மாணவர், அரக்கோணம்)

ப: உங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில் இருக்கிறதே! காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன், கையில் மந்திரித்த வாள். அது இருக்கும்வரை பேய் நெருங்காது. முற்பிறவியில் அவனால் கொல்லப்பட்ட பெண் நீலி என்ற பேயாகப் பின்தொடர்கிறாள். கள்ளிக்கொம்பை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபையில் வந்து நிற்கிறாள். ‘இவர் என் புருஷன், என்னைக் கைவிட்டுப் போகிறார்’ என்று அழுகிறாள். கள்ளிக்கொம்பும் அவனைப் பார்த்து ‘அப்பா’ என்கிறது. சபையிலிருந்த வேளாளர் எழுபது பேரும் உருகிப்போனார்கள்.

நாவலாசிரியர் கவனிக்க வேண்டிய இடம் இனிமேல்தான். இரவு இருவரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். ‘கையில் வாள் வைத்திருக்கிறாரே, என்னை வெட்டிவிட்டால்?’ என்கிறாள் நீலி. நியாயமான பேச்சுதானே! வாளை எங்களிடம் கொடு, உன் உயிருக்கு எங்கள் எழுபது உயிர் பிணை என்கிறார்கள் பெரியவர்கள். கொடுத்தான். விடிந்தபோது பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினார்கள். சம்பந்தர் தன் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தச் சம்பவத்தைத் தொட்டுப் போகிறார் என்றால் கதை எவ்வளவு பழசு என்று பாருங்கள். ஊரில் அவர்களுக்கு நினைவு மண்டபமும் உண்டு.

வெளிநாட்டுக் கதையில் பொருளை வைத்திருப்பவன் அழிவான். இங்கே பொருளைக் கொடுத்தவன் அழிந்தான், அதுவும் நல்லவர்கள் பேச்சைக் கேட்டு. இதைவிட நல்ல முடிச்சு உங்களுக்குக் கிடைக்காது. எழுதி முடித்ததும் ஒரு பிரதி அனுப்புங்கள், இலவசமாக.

கே: ஐராவதம் திருத்தணியில் ஏன் சாமியைப் பார்க்காமல் வெளியே பார்த்து நிற்கிறது? (வாசகர், நகரி)

ப: மாமனார் விவகாரம். முருகனுக்குத் தெய்வயானையைக் கட்டிக்கொடுத்த இந்திரன், சீராக ஐராவதத்தையும் அனுப்பினான். யானை போன பிறகு தேவலோகத்தின் செல்வம் தேய ஆரம்பித்தது. ‘வேண்டுமானால் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றார் மருமகன். கொடுத்த சீரைத் திருப்பிக் கேட்டால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? ‘யானை இங்கேயே இருக்கட்டும், பார்வை மட்டும் எங்கள் பக்கம் இருக்கட்டும்’ என்று முடித்துக்கொண்டான். கிழக்கே பார்த்து நிற்பதற்குத் தலபுராணம் சொல்லும் காரணம் இதுதான். சீர் கொடுத்து நொடித்துப்போன முதல் மாமனார் அவன். அதே சீர்வரிசையில் ஒரு சந்தனக் கல்லும் வந்தது. அதனால் யாருக்கும் கெடுதல் வந்ததாகக் கதை இல்லை. மொட்டை அடித்த தலைகளைக் கேட்டுப் பாருங்கள், சந்தனம் எத்தனை குளிர்ச்சி என்று சொல்லும்.

கே: நீலக்கல் மோதிரத்தை மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். ஏன்? (வாசகி, சோளிங்கர்)

ப: மூன்று நாள் தூக்கம் வராமல் ‘ஏதாவது நடக்குமா’ என்று விழித்திருந்தால், நாலாம் நாள் எது நடந்தாலும் நீலக்கல்தான் காரணம்.

கே: ஹோப் வைரம் சாபம் பிடித்ததாமே. நம் ஆந்திராக்காரச் சரக்குதானே அது? (வாசகர், புத்தூர்)

ப: ஆமாம், கிருஷ்ணா நதிக்கரைக் கொல்லூர்ச் சுரங்கத்துச் சரக்கு. பிரெஞ்சு வியாபாரி தாவெர்னியே இங்கே வாங்கிப்போய் 1668இல் பதினான்காம் லூயிக்கு விற்றார். கோயில் சிலையின் கண்ணைப் பெயர்த்தார், அதனால் நாய்கள் அவரைக் குதறிக் கொன்றன என்பது பின்னால் கட்டிய கதை. மனிதர் 84 வயதுவரை இருந்து, மாஸ்கோவில் இறந்தார். அந்தக் காலத்தில் 84 வயது சாபமா, வரமா?

சாபக் கதைக்கு நன்றாக மெருகு போட்டவர் நகை வியாபாரி பியர் கார்ட்டியே. பணக்கார அமெரிக்கப் பெண்மணி ஒருவருக்கு ‘ராசியில்லாத பொருள் எனக்கு ராசி’ என்றொரு பிடிவாதம். அதைத் தெரிந்துகொண்டு கதையோடு சேர்த்து 1911இல் கல்லையும் விற்றார். நம்மூரில் பழைய வீடு விற்கிறவன் ‘பேய் இருக்கு’ என்று மறைப்பான். அவர் அதையே விளம்பரமாக்கினார். கடைசியில் 1958இல் இன்னொரு நகை வியாபாரி, ஹாரி வின்ஸ்டன், அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். எப்படி அனுப்பினார் தெரியுமா? பதிவுத் தபாலில், சாதாரணப் பொட்டலமாக. இன்ஷூரன்ஸோடு சேர்த்துச் செலவு 145 டாலர் 29 சென்ட். நம் தபால்காரருக்கு இதைப் படித்துக் காட்டினேன். முறைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

கே: கோஹினூர்? (அதே வாசகர்)

ப: பிரிட்டனின் 2023 முடிசூட்டு விழாவில் ராணி கமிலா அணிந்த கிரீடத்தில் அது இல்லை. சாபத்துக்குப் பயந்தா, நமக்குப் பயந்தா என்று அவர்கள் சொல்லவில்லை.

கே: கோயில் கலசத்தில் இடி விழுந்து இரிடியம் ஆகியிருக்கிறது, அரிசியை இழுக்கிறது, நாசா கோடிக் கணக்கில் வாங்கும் என்கிறார் ஒருவர். இரண்டு லட்சம் முன்பணம் கேட்கிறார். (வாசகர், ஆர்.கே.பேட்டை)

ப: அட முருகா. தகவல் பலகையில் ஒட்டிவைக்க வேண்டிய கடிதம்! இடி விழுந்தால் செம்பு கருகும், உருகும், இரிடியம் ஆகாது. தனிமம் மாற மின்னல் போதுமென்றால் மின்சார வாரிய டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் இந்நேரம் தங்கமாகியிருக்கும். உண்மையான இரிடியமும் அரிசியை இழுக்காது, இரும்பையும் இழுக்காது.

பிறகு எப்படி இழுக்கிறது? ‘டெமோ’வுக்கு அவர்கள் கொண்டுவரும் அரிசியைக் கவனியுங்கள். உங்கள் வீட்டு அரிசியைப் போட விடமாட்டார்கள். அவர்களுடைய அரிசியில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கும், பாத்திரத்துக்குள் காந்தம் இருக்கும். அறை விளக்கைக் குறைத்துவிட்டு, ‘சத்தம் போடாதீங்க, சக்தி கலைஞ்சுடும்’ என்பார்கள். 2014இல் வந்த ‘சதுரங்க வேட்டை’ படத்தில் இதை விலாவாரியாகக் காட்டிவிட்டார்கள்; ஆனாலும் நம் மாவட்டத்துக்கும் சித்தூருக்கும் நடுவே இந்த வியாபாரத்துக்கு ஓய்வில்லை. தமிழ்நாட்டில் பிடித்தால் ஆந்திரா, ஆந்திராவில் பிடித்தால் தமிழ்நாடு. எல்லைப் போராட்டம் நடத்தி 1960இல் நாம் இந்தப் பக்கம் வந்தது இதற்காக இல்லை.

கலசத்துக்குள் நிஜமாகவே இருப்பது வரகு. குடமுழுக்கின்போது மாற்றுவார்கள். பஞ்சம் வந்தால் விதைக்கு ஆகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வரகை வாங்க நாசா வராது. பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போய்வாருங்கள்.

கே: கிணறு தோண்டியபோது ஒரு வெண்கலச் சிலை கிடைத்தது. ‘பூமிக்குள்ள இருந்த சாமி, யார்கிட்டயும் சொன்னா ரத்தம் கக்கிச் சாவே’ என்கிறார் ஒரு பூசாரி. (பெயர் வேண்டாம், திருத்தணி வட்டம்)

ப: சொல்லாவிட்டால்தான் ஆபத்து. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் உங்கள் பங்கும் போய் ஓர் ஆண்டுவரை சிறையும் உண்டு. முறைப்படி தெரிவித்து, உரிமையாளர் யாருமில்லை என்றானால், எடுத்தவருக்கு முக்கால், நிலத்துக்காரருக்குக் கால் என்று பங்கு சொல்கிறது சட்டம். அரசே எடுத்துக்கொண்டால் அதன் மூலப்பொருள் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகத் தரும். வெள்ளைக்காரன் எழுதியதுதான், ஆனால் பூசாரி சொல்வதைவிட உங்களுக்கு லாபம்.

பத்தூர் நடராஜரை நினைத்துக்கொள்ளுங்கள். 1976இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டார். ரகசியமாகக் கை மாறி லண்டன் போனார். லண்டன் நீதிமன்றம் அந்தச் சிறிய கோயிலையே வழக்காடும் உரிமையுள்ள ஆளாக ஏற்றுக்கொண்டது. 1991இல் நடராஜர் தமிழ்நாடு திரும்பினார். ‘சிவன் சொத்து குலநாசம்’ என்பதை இங்கிலாந்து நீதிபதிகள் ஆங்கிலத்தில் எழுதித் தந்ததாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

கே: கல்வெட்டுகளில் சாபம் எழுதியிருக்கிறார்களே. ராஜாக்களுக்குக் கூடவா மந்திரத்தில் நம்பிக்கை? (தமிழாசிரியை, கனகம்மாசத்திரம்)

ப: போலீஸ் இல்லாத காலத்துப் பத்திரப் பதிவு அது. கோயிலுக்கு நிலம் எழுதிவைத்த ராஜா, தனக்குப் பிறகு எவன் ஆக்கிரமிப்பான் என்று யோசித்திருக்கிறான். ‘இதற்கு அழிவு செய்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்’ என்று வெட்டிவைத்தான். பயந்தவன் ஒதுங்கினான். பயப்படாதவன் பக்கத்து நிலத்தையும் சேர்த்துப் பட்டா போட்டுக்கொண்டான்.

சாபம் பலித்ததா என்றா? பலித்ததோ என்னவோ, ஏடுகள் மட்டும் பத்திரமாக இருந்தன. நம் வேலஞ்சேரியில் 1977இல் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராசிதனுடையது. இன்னொன்று, அவனை வென்று வீழ்த்திய ஆதித்த சோழனின் மகன் பராந்தகனுடையது. தோற்றவன் ஏடும் ஜெயித்தவன் மகன் ஏடும் ஒரே ஊர் மண்ணில் சண்டையில்லாமல் கிடந்திருக்கின்றன. உங்கள் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் அந்த ஊருக்குக் கூட்டிப்போங்களேன்.

கே: அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினை. அம்மாவின் அம்மிக்கல்லில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்று அண்ணி சொல்கிறார். நாங்கள் என்ன செய்வது? (வாசகி, பள்ளிப்பட்டு)

ப: அம்மியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கிரைண்டரை அண்ணிக்குக் கொடுங்கள். மின்கட்டணம் வரும்போது யாருக்குச் சாபம் என்று பேசிக்கொள்வோம்.