ஏல வாத்தியார்

ஐ.பி.எல். ஏலம் நடப்பது ஜெட்டாவிலோ அபுதாபியிலோ இருக்கலாம். ரிசல்ட் வெளியாவது திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில். ஒரு பக்கம் மலைக்கோட்டை, இன்னொரு பக்கம் செயின்ட் ஜோசப் கல்லூரி, நடுவே ‘துறையூர், முசிறி, லால்குடி’ என்று தொண்டை கிழியும் கண்டக்டர்கள். இத்தனைக்கும் நடுவில் டீக்கடை ஓரமாக ஒருவர் நின்றுகொண்டு, பத்து அணிகளையும் பாஸ், ஃபெயில் என்று பிரித்துக்கொண்டிருப்பார். அவர்தான் ஏல வாத்தியார்.

பெயர் கேட்காதீர்கள். ஒரே ஆளாக இருந்தால் சொல்லலாம். சத்திரத்தில் மட்டுமே நாலைந்து பேர் தேறுவார்கள்; தில்லை நகரில் ஒருவர், திருவானைக்காவலில் ஒருவர் என்று கிளைகளும் உண்டு. வயது ஐம்பதுக்கு மேல். சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு தாள், மூடி தொலைந்த ஒரு பேனா. கிரிக்கெட் ஆடியவரா என்றால், இல்லை. பார்க்கிறவரா என்றால், அதுவும் சந்தேகம்தான். மேட்ச் முடிய ராத்திரி பதினொன்றரை ஆகிவிடும். அவர் பத்து மணிக்குப் படுத்துவிடுகிறவர். ஏலம் அப்படியில்லை. பட்டப்பகலில் தொடங்கும், மழையால் நிற்காது, டக்வொர்த் லூயிஸ் தொல்லை கிடையாது.

நான் சொல்லும் வாத்தியாருக்கு காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்கெழுதும் வேலை. இருபது வருஷமாகக் காலையில் எழுந்ததும் அவர் காதில் விழுவது ஏலச் சத்தம். பூவனும் ரஸ்தாளியும் கற்பூரவள்ளியும் கைமாறுவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் உள்ள சகலத்துக்கும் ஒரு விலை உண்டு, அதைக் கொடுக்கிறவன் ஏமாளி என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ரிஷப் பந்த்தை அவர் பார்த்தது அந்தக் கண்ணால்தான். “தார்ல எத்தனை சீப்பு, எத்தனை காய் வெம்பல்னு எண்ணிப் பாக்காம கையைத் தூக்குவானா ஒருத்தன்? தூக்கியிருக்கான் பாரு!”

அது 2024 நவம்பர் 24, ஞாயிற்றுக்கிழமை. ஜெட்டாவில் மெகா ஏலம். லக்னோ அணி இருபதே முக்கால் கோடி வரை போய் நின்றது. பழைய முதலாளியான டெல்லி ஆர்.டி.எம். அட்டையைத் தூக்கியது. அப்படித் தூக்கினால், கடைசியாகக் கேட்டவர் தன் விலையை ஒரே ஒரு தடவை உயர்த்தலாம். அந்த விலைக்குப் பழைய அணி கட்டுப்பட்டால் ஆள் அவர்களுக்கு, இல்லையென்றால் உயர்த்தியவருக்கு. லக்னோ ஒரே தாவாக இருபத்தேழு கோடிக்குத் தாவியது. டெல்லி வணக்கம் சொல்லி விலகிவிட்டது. இதை வாத்தியார் விரலை மடக்கி மடக்கி டீ மாஸ்டருக்கு விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா, “ஐயா, ஸ்ரீரங்கம் பஸ் எங்க நிக்கும்?” என்று கேட்டார். “இரும்மா, ஆர்.டி.எம். முடியட்டும்” என்றார் வாத்தியார். அந்த அம்மா அதையும் ஏதோ பஸ் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்திலேயே காத்திருந்தார்.

‘கோடி’ என்ற சொல் அவர் வாயில் வராது. பந்த் இருபத்தேழு, ஷ்ரேயஸ் இருபத்தாறே முக்கால், அஸ்வின் ஒன்பதே முக்கால். கத்தரிக்காய் கிலோ விலை மாதிரி வந்து விழும். அதே மனிதர் டவுன் பஸ்ஸில் ஒரு ரூபாய் பாக்கிக்காகக் கண்டக்டரை மாம்பழச்சாலை வரைக்கும் விடாமல் துரத்துவார். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை. அந்த ஒரு ரூபாய் அவருடையது.

மார்க் போடும் முறையைத் தெரிந்துகொள்வது நல்லது. மொத்தம் நூறு. வாங்கிய விலைக்கு ஐம்பது, ஆளுக்கு முப்பது, முதலாளி மேசையில் உட்கார்ந்திருந்த தோரணைக்குப் பத்து. மிச்சம் பத்து கருணை மார்க். அது தமிழ்நாட்டுப் பையன்களை வாங்கியவர்களுக்கு மட்டும். இந்தக் கருணையில் 2025-இல் முழுசாகப் பத்து வாங்கியது சென்னை இல்லை, குஜராத். சாய் சுதர்சன், வாஷிங்டன் சுந்தர், ஷாருக் கான், சாய் கிஷோர் நாலு பேரும் அங்கேதான். “பேருதான் குஜராத்து, ஆளெல்லாம் மெட்ராஸ்” என்று சொல்லி வாத்தியார் தாளில் ஒரு கோடு போட்டார்.

சாய் சுதர்சன் விஷயத்தில் அவருக்கு ஒரு தனிக் கதையே உண்டு. தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-இல் ஆரம்பித்தபோது ஆட்களை முறைவைத்து எடுக்கிற டிராஃப்ட்தான் இருந்தது. 2023-இல்தான் முதல்முறையாக ஏலம் வைத்தார்கள். அந்த ஏலத்தில் கோவை அணி சாய் சுதர்சனை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. அதே சமயம் ஐ.பி.எல்.லில் குஜராத் அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது 20 லட்சம். “உலகத்துலயே பெரிய லீக்கு குடுத்ததைவிட கோயம்புத்தூர்க்காரன் ஒன்றரை லட்சம் கூடக் குடுத்திருக்கான். மில்லு வெச்சவனுக்குத்தான் நூலு தெரியும்.” 2025-இல் சாய் சுதர்சன் 759 ரன் எடுத்து ஆரஞ்சு தொப்பி வாங்கியபோது, அந்தப் பாராட்டு முழுவதையும் வாத்தியார் தன் பெயரில் வரவு வைத்துக்கொண்டார். அந்த லீக்கின் திருச்சி அணிக்கு எத்தனை மார்க் என்று மட்டும் கேட்கக் கூடாது. ரூபி திருச்சி வாரியர்ஸ், பால்சி திருச்சி, திருச்சி கிராண்ட் சோழாஸ் என்று அது பெயர் மாற்றிக்கொண்டே வந்து, 2025 எலிமினேட்டரில் திண்டுக்கல்லிடம் தோற்றது. “சொந்தப் பிள்ளை பேப்பரைத் திருத்தக் கூடாது தம்பி. அது தர்மம் இல்ல.”

ஜெட்டாவில் இரண்டு நாளில் 182 பேர் விலைபோனார்கள். 639 கோடிக்கும் மேல் கைமாறியது. திங்கட்கிழமை இரவு சத்திரத்தில் ரிசல்ட். சென்னை 85, டிஸ்டிங்ஷன். அஸ்வின் வீடு திரும்பியாயிற்று, நூர் அகமது பத்து கோடிக்கு வந்தாயிற்று, தோனியை நாலு கோடிக்கு வைத்தாயிற்று. இனி என்ன குறை? பெங்களூரு 35, ஜஸ்ட் பாஸ். “கே.எல். ராகுல் சொந்த ஊர்ப் பையன், அவனை டெல்லிக்கு விட்டுட்டு க்ருணால் பாண்டியாவை வாங்கிட்டு வந்திருக்கானுங்க. தம்பியை வாங்க வழியில்லாதவன் அண்ணனை வாங்கின கதை.” லக்னோ ஃபெயில். ராஜஸ்தான், பதின்மூன்று வயதுப் பையன் வைபவ் சூர்யவன்ஷியை 1.10 கோடிக்கு எடுத்ததற்கு மைனஸ் ஐந்து. “எட்டாங்கிளாஸ் பையனை ஏலத்துல விடுறதே தப்பு.”

அடுத்த ஜூன் மாதம் என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூரு பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. இறுதி ஆட்டத்தின் நாயகன் அதே க்ருணால். பையன் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் அடித்தான். சென்னை பத்தாவது இடம். அதாவது, பத்தில் பத்து. பதினாலு ஆட்டத்தில் நாலு வெற்றி. கடைசிக் கட்டத்தில் மானத்தைக் கொஞ்சம் காப்பாற்றிய ஆயுஷ் மாத்ரேயும் டெவால்ட் பிரெவிஸும் ஏலத்தில் யாரும் சீண்டாமல் விட்டு, நடுவில் மாற்றாக வந்து சேர்ந்தவர்கள்.

ஜோசப் காலேஜ் பையன் ஒருவன் போனும் கையுமாக வந்து பிடித்துக்கொண்டான். “அண்ணே, எண்பத்தஞ்சு மார்க்குன்னீங்களே?”

வாத்தியார் டம்ளரைக் கீழே வைத்தார். “நான் மார்க் போட்டது ஏலத்துக்கு. அவங்க தோத்தது ஆட்டத்துல. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?”

இந்தப் பதிலை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் ஓட்டை கிடைக்கவில்லை. பையனும் விடுகிற ஜாதி இல்லை. “சரிண்ணே, 2021-ல கிருஷ்ணப்பா கௌதமுக்கு ஒன்பதேகால் கோடி குடுத்தாங்க. ஒரு மேட்ச்கூட ஆடல. சென்னை கப் அடிச்சுது. 2023-ல பென் ஸ்டோக்ஸுக்குப் பதினாறேகால் கோடி. ரெண்டு மேட்ச், பதினஞ்சு ரன்னு. அப்பவும் கப்பு. அப்போ ஏலத்துல வாங்குறதுக்கும் ஜெயிக்கறதுக்கும்...”

“பாத்தியா!” வாத்தியார் முகம் மலர்ந்தது. “விலை குடுத்து வாங்குனவனை ஆட விடாம உக்கார வெச்சப்பல்லாம் ஜெயிச்சிருக்கோம். இந்தத் தடவை வாங்குனவனை எல்லாம் ஆட விட்டுட்டான். அதுதான் தப்பு.”

பையன் போனை அணைத்துவிட்டான்.

கபடிக்கும் இதே நீதிதான். 2022-இல் தமிழ் தலைவாஸ் இரண்டேகால் கோடிக்கு மேல் கொட்டி பவன் செராவத்தை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் அந்த சீசன் முழுவதும் வெளியே. தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது அந்த வருஷம்தான். வாத்தியாரின் தாளில் இது தன் கொள்கைக்குக் கிடைத்த சான்றாகப் பதிவாகியிருக்கிறது.

பழைய சங்கதிகளில் அவரை மடக்குவது இன்னும் கஷ்டம். 2008-இல் ஐ.பி.எல். ஆரம்பித்தபோது, 19 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற பையன்களுக்கு ஏலம் கிடையாது, டிராஃப்ட்தான். டெல்லி தன் முறை வந்தபோது பிரதீப் சங்வான் என்ற வேகப்பந்து வீச்சாளரை எடுத்தது. சொந்த ஊர்ப் பையன் விராட் கோலி பெங்களூருக்குப் போனார். “அன்னிக்கே இதே சத்திரத்துல நின்னு சொன்னேன், டெல்லி கெட்டுதுன்னு” என்பார் வாத்தியார். சாட்சி கேட்டால், அன்று அவர் நின்ற டீக்கடையைக் காட்டவேண்டும். அந்தப் பழைய நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டி 2021 கடைசியில் திறந்துவிட்டார்கள். ஆதாரம் இடிபாட்டோடு போய்விட்டது.

ஒருநாள், டல்லாஸில் மகனை வைத்திருக்கும் ஒரு ரிட்டயர்டு ரயில்வேக்காரர் வாத்தியாருக்குச் சவால் விட்டார். அமெரிக்காவில் அவர்கள் ஆடும் கால்பந்தில் ஏலமே கிடையாதாம். கல்லூரிப் பையன்களை ஏழு சுற்று டிராஃப்டில் எடுக்கிறார்களாம். முந்தின வருஷம் கடைசியாக வந்த அணிக்குத்தான் முதல் வாய்ப்பாம். முதல் சுற்று முடிந்த மறுநாள் காலையிலேயே அங்கே உள்ள நிபுணர்கள் ஏ, பி, சி என்று கிரேடு போட்டுவிடுவார்களாம். தன் தொழிலுக்குக் கடல் கடந்தும் ஆள் இருக்கிறது என்பதில் வாத்தியாருக்குப் பெருமைதான். ஆனால் கேள்வி வேறு மாதிரி வந்தது. “கடைசியா வந்தவனுக்கு முதல் ஆளா? அப்ப இந்த வருஷம் நமக்குத்தானே! இந்த நல்ல சட்டத்தை ஏன் இங்க வெக்கல?”

ரயில்வேக்காரர் விடவில்லை. அங்கே 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-ஆவது ஆளாக, ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட டாம் பிரேடி பிற்பாடு ஏழு சூப்பர் பௌல் ஜெயித்தார். 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறைக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. “அவர் புத்திசாலி” என்றார் வாத்தியார். “முதல் மார்க் வாங்கினவன் மறுபடி பரீட்சை எழுதுவானா?”

சிரிக்கத்தான் தோன்றுகிறது. ஆனால் ஏல மண்டபத்தில் மடிக்கணினியும் புள்ளிவிவர நிபுணர்களுமாக உட்கார்ந்திருப்பவர்கள் இவரைவிட என்ன கிழித்துவிட்டார்கள்? வெங்கடேஷ் ஐயருக்குக் கொல்கத்தா இருபத்து மூன்றே முக்கால் கோடி கொடுத்தது. அந்த சீசனில் அவர் எடுத்தது 142 ரன். அடுத்த ஏலத்தில் ஏழு கோடிக்குப் பெங்களூரு போனார். 2023 டிசம்பரில் துபாயில் பஞ்சாப் அணி ஷஷாங்க் சிங்கை வாங்கிவிட்டு, வேறு ஷஷாங்க் என்று நினைத்துவிட்டோம், வேண்டாம் என்று கையைப் பிசைந்தது. சுத்தியல் விழுந்தாயிற்று என்று ஏலம் நடத்திய மல்லிகா சாகர் சொல்லிவிட்டார். அந்த வேண்டாத 20 லட்சத்து ஆள்தான் அந்த வருஷம் அவர்கள் மானத்தைக் காப்பாற்றி, அடுத்த வருஷம் ஐந்தரைக் கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். பல கோடி போட்டுத் தப்புவதைவிட ஒரு டீ செலவில் தப்புவது எவ்வளவோ மேல். வாத்தியாரின் பக்கத்தில் நான் நிற்பதற்கு அது ஒன்றே போதும்.

2025 டிசம்பர் 16, மார்கழி பிறந்த அன்றே, அபுதாபியில் அடுத்த ஏலம். இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத இரண்டு பையன்கள், பிரஷாந்த் வீர், கார்த்திக் சர்மா, ஆளுக்குப் பதினாலு கோடி இருபது லட்சம் என்று சென்னை வாங்கியது. இரண்டு பேருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். காடுவெட்டிக்கும் கல்லணைக்கும் போகிறவர்கள்கூட பஸ்ஸை விட்டுவிட்டு டீக்கடையில் கூடிவிட்டார்கள். வாத்தியார் பேனாவை எடுத்தார், தாளைப் பிரித்தார், ரொம்ப நேரம் யோசித்தார். கடைசியில் சென்னையின் பெயருக்கு எதிரே எழுதியது ‘ரிசல்ட் நிறுத்திவைப்பு’.

ஸ்ரீரங்கம் போகிற அவசரத்தில் சத்திரத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டீக் குடியுங்கள், பேப்பர் வாங்குங்கள். சட்டைப் பையில் மடித்த தாளோடு நிற்கும் அந்த மனிதரிடம் “சென்னை எப்படிண்ணே?” என்று மட்டும் கேட்டுவிட வேண்டாம். 1-ஆம் நம்பர் பஸ் ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று போய்க்கொண்டே இருக்கும். அவர் மும்பைக்கு வந்து சேரவே முக்கால் மணி நேரம் ஆகும்.