லாரிக்கு எஃப்.சி., டிரைவருக்கு ஒரு கையெழுத்து

ஏன் கண்ணு, ஒரு லாரிக்கு எஃப்.சி., அதான் தகுதிச் சான்று, எடுக்கறதுன்னா என்ன பாடுன்னு உனக்குத் தெரியுமா? நாமக்கல்லுல பொறந்துட்டுத் தெரியாதுன்னு சொல்லிப் போடாத, ஊரே சிரிக்கும். பிரேக் பாக்கோணும். லைட்டு பாக்கோணும். பம்பர் நெளிஞ்சிருந்தா நிமித்தோணும். பின்னால ஒட்டுன சிவப்பு ஸ்டிக்கர் ஓரத்துல உரிஞ்சிருந்தாக்கூட, புதுசா ஒட்டிட்டு வான்னு தாட்டி விட்டுருவாங்க. வேகத்தக் கட்டுப்படுத்தற கருவிக்குச் சீல் இருக்குதான்னு ஒருத்தர் குனிஞ்சு பாப்பாரு. வண்டிக்கு 8 வயசு வரைக்கும் 2 வருசத்துக்கு ஒருக்கா, அதுக்கு மேல வருசா வருசம். இரும்புக்கு அத்தனை மருவாதி.

அந்த இரும்ப ஓட்டறவனுக்கு? ஃபாரம் 1ஏ. ஒத்தைக் காயிதம். அதுல ஒரு டாக்டர் கையெழுத்து, ஒரு சீலு. முடிஞ்சுது.

முந்தியாச்சும் 3 வருசத்துக்கு ஒருக்கா லைசென்ஸ் புதுப்பிக்கப் போகோணும். 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்தி 5 வருசமாக்கிப் போட்டாங்க. அஞ்சு வருசத்துல ஒரு மனுசனுக்குச் சர்க்கரை வரும், பிரஷர் வரும், பல்லு போகும், மருமக வருவா. காயிதம் மட்டும் பீரோவுக்குள்ள அப்படியே திடகாத்திரமா இருக்கும்.

அந்தக் காயிதத்துல கேக்கறதெல்லாம் நல்ல கேள்விதான். நான் குத்தம் சொல்லல. 25 மீட்டர்ல நிக்கற காரோட நெம்பர் பிளேட்டப் படிக்க முடியுதா? சிவப்பும் பச்சையும் தெரியுதா? மாலைக்கண் உண்டா? ஹாரன் கேக்குதா? கை காலெல்லாம் ஒழுங்கா இருக்குதா? நிற விசயத்துல கொஞ்சம் கொறை இருக்கறவங்களும் ஓட்டலாம்னு 2020-ல தளர்த்தியும் விட்டாங்க, நாயந்தான். டிரைவரே எழுதிக் குடுக்கற ஃபாரம் 1 ஒண்ணு இருக்குது. வலிப்பு வருமா, கிறுகிறுப்பு வருமா, ஊருக்கு ஆபத்தா முடியற வேற சீக்கு உண்டானு அதுல கேப்பாங்க. நம்மாளு என்ன எழுதுவான்? இல்லை, இல்லை, இல்லை. கேள்வியப் படிக்கறதுக்கு முன்னால பதில எழுதி முடிச்சிருப்பான்.

ஆனா சாமி, நீ என்ன மாத்திரை முழுங்கறன்னு அதுல ஒரு வரி உண்டா? தேடிப் பாரு. சீக்கக் கேக்கறாங்க. சீக்குக்குத் திங்கறதக் கேக்கறதில்ல.

இப்ப நீ வாயத் தொறப்பேன்னு தெரியும். 'தாத்தா, காலம் மாறிப் போச்சு. கேபினுக்குள்ள கேமரா வெச்சாச்சு. டிரைவர் கொட்டாவி விட்டா அது கத்தும்'ம்ப. கத்தட்டும். கொட்டாவி விட்டத அது சொல்லும். எதுக்கு விட்டான்னு சொல்லுமா?

ஒரு டிரான்ஸ்போர்ட்டுல டிரைவர்களுக்கு மருத்துவ முகாம் போட்டாங்க. பேரு சொல்ல மாட்டேன், நாளைக்கு அந்த வழியா நான் நடக்கோணும். வாசல்ல பலூன். போட்டோ புடிக்கறதுக்கு ஒரு அட்டைச் சட்டம், அதுல 'வெல்னஸ்'னு என்னமோ எழுத்து. முதலாளி நடுவால நின்னு ரிப்பன் வெட்டுனாரு. ஆளாளுக்குக் கையில ஒரு வாட்ச மாட்டி விட்டாங்க. ஒரு நாளைக்கு எத்தனை அடி நடந்தேன்னு அது சொல்லுமாமா. ஏன்டா, லாரி டிரைவர் எத்தனை அடி நடப்பான்? அவன் நடந்தா லோடு எப்படிடா நாக்பூர் போய்ச் சேரும்?

உள்ள ஒரு டாக்டர் தம்பி. சின்னப் பையன், தங்கமான பையன். "மாத்திரை எதாச்சும் சாப்படறீங்களா?"ன்னு கேட்டுப் போட்டான். கேக்கறவங்களே கொறைவு, கேட்டானே, அந்தப் புண்ணியம் அவனுக்கு. வரிசையில நின்ன டிரைவரு சட்டை ஜோப்புக்குள்ள கைய உட்டு ஒரு காயிதக் கவர எடுத்தாரு. காலை, மதியம், இரவுன்னு கவர் மேல கட்டம் போட்டிருக்கும் பாரு, அந்தக் கவரு. கட்டத்துல மெடிக்கல்காரன் போட்ட பேனாக் கோடு வேர்வையில ஊறி நீலமா வழிஞ்சிருந்துச்சு. உள்ள கத்திரிச்ச அட்டை. பத்து மாத்திரை அட்டையில நாலு கேட்டா வெட்டிக் குடுப்பான் இல்லியா, அந்த வெட்டுல மருந்தோட பேரு கடையிலயே நின்னு போச்சு. இவருகிட்ட வந்தது '...ரைடு'ங்கற வாலு மட்டும். ஒண்ணு வெள்ளை, ஒண்ணு ரோசு, ஒண்ணு பாதியா ஒடைச்சது.

"இது எதுக்குங்க?"

"அது சர்க்கரைக்குங் சார். இது பிரஷருக்கு. அது வந்துங்... கால் எரிச்சலுக்கு. மச்சான் குடுத்தாப்ல."

டாக்டர் தம்பி எழுதிக்கிட்டான்: சர்க்கரை, ரத்த அழுத்தம், மருந்து எடுக்கிறார். அடுத்த ஆளு வாங்க.

இதுக்கா பலூன் கட்டுனீங்க?

எம்பட பேத்தி பார்மசி படிச்சவ. அவகிட்ட நச்சி நச்சிக் கேட்டுத்தான் எனக்கும் இதெல்லாம் தெரியும். சர்க்கரை மாத்திரைன்னு நாம ஒரே பேராச் சொல்றோம், உள்ள பல சாதி. மெட்ஃபார்மின்னு ஒண்ணு. தனியாப் போட்டா அது சர்க்கரைய ஒரேயடியா எறக்கி விடறது அபூர்வம். கிளிமிபிரைடுன்னு ஒண்ணு. கன்னுக்குட்டி வந்துச்சா இல்லையான்னு பாக்காம மடியப் புடிச்சுக் கறக்கற ஆளு மாதிரி, சோறு உள்ள போச்சோ இல்லையோ, அது கணையத்துல இருந்து இன்சுலினக் கறக்கும். ரெண்டையும் ஒரே மாத்திரையில அடைச்சு வேற விக்கறாங்க. முழுங்கறவனுக்கு ஒரு மருந்துங்கற நெனப்பு.

இப்ப ரோட்டுக்கு வா. காலைல ஏழு மணிக்கு கிருஷ்ணகிரிகிட்ட மாத்திரையப் போட்டுக்கறான். தருமபுரி தாண்டி இட்லி தின்னுக்கலாம்னு கணக்கு. தொப்பூர் கணவாயில ஒரு வண்டி கவுந்து கெடக்குது. கெடக்காத நாளு எது? வண்டி நவுர மாட்டேங்குது. மாத்திரை நேரத்துக்குப் போயிருச்சு, இட்லி போகல. ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழ போச்சுன்னா கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடங்கும். இன்னும் எறங்குனா புத்தி தடுமாறும். அவனே பிரஷருக்கு மெட்டோப்ரோலால் மாதிரி ஒண்ணப் போடறவனா இருந்தா, அந்த நடுக்கத்தையும் படபடப்பையும் அது அமுக்கி வெச்சிரும். வேர்வை ஒண்ணுதான் வெளிய தெரியும். சித்திரை மாசத்துல லாரி கேபினுக்குள்ள வேர்வைய எவன்டா சீக்குன்னு கண்டுக்குவான்?

அப்பறம் அந்த மச்சான் குடுத்த மாத்திரை. கால் எரிச்சலுக்கு வழக்கமாக் குடுக்கறது பிரிகாபலினோ காபாபென்டினோ. நல்ல மருந்துதான், எரிச்சல் கொறையும். கூடவே தூக்கமும் கிறுகிறுப்பும் வரலாம், அதுலயும் புதுசா ஆரம்பிச்ச நாள்ல. மச்சான் வீட்டுல கட்டில்ல படுத்துட்டுப் போடறான். இவன் 16 சக்கரத்த உருட்டிக்கிட்டுப் போடறான். ரெண்டும் ஒண்ணாகுமா? சிவப்புக் கோடு போட்ட அட்டைன்னா டாக்டர் சீட்டு வேணுங்கறது அதுக்குத்தான். நம்மூர்ல மச்சான்தான் பாதி டாக்டர்.

இடுப்பு வலிக்குக் குடுக்கற மாத்திரையில சதைய எளக்கற மருந்து கலந்திருக்கும், அதுவும் தூங்க வெக்கும். சளிக்கு சிட்ரிசின், அவிலு. 'சாதாச் சளி மாத்திரை தாத்தா'ம்ப. சாதாவா? போட்டுட்டு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒக்காந்து கணக்கு எழுதிப் பாரு, தெரியும். தூக்கத்துக்கு அல்பிரசோலம் போட்டவன் காலைல எந்திரிச்சுப் பல்லு வெளக்கிட்டான்னா தெளிஞ்சுட்டான்னு அர்த்தமில்ல. மாத்திரை இன்னும் உள்ள ஒக்காந்திருக்கும்.

போலீசு புடிக்குமேங்கறியா? ராத்திரி நிறுத்தி ஊதச் சொல்லுவாங்க. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் சாராயம் தாண்டுச்சுன்னா மொதல் தடவைக்கு 10,000 ரூபா தண்டம், 6 மாசம் வரைக்கும் உள்ளயும் வெக்கலாம். மருந்தோட மப்புல வண்டிய அடக்க முடியாம ஓட்டுனாலும் அதே 185-ம் பிரிவுதான். சட்டத்துக்கு மூக்கு இருக்குது. மிஷினுக்குச் சாராயத்த மட்டுந்தான் மோந்து பாக்கத் தெரியும். இருமல் சிரப்ப மடக்கு மடக்காக் குடிச்சவனுக்கும் "போலாம்ங்க அண்ணா"ன்னு சல்யூட்டு கெடைக்கும். ஓட்டக்கூடாத ஒடம்போட ஓட்டுனா 186-ம் பிரிவு, மொதல் தடவைக்கு 1,000 ரூபா வரைக்கும். ஓவர்லோடு தண்டத்தப் பாத்தா அது டீச்செலவு.

இதக் கேட்டுட்டு நீ உடனே அக்கட்டால சாஞ்சிராத. மாத்திரை திங்கறவன் எவனும் ஸ்டீரிங்கத் தொடக்கூடாதுன்னு ஒரு கூட்டம் கெளம்பும். டவுனுக்குள்ள ஏ.சி. ரூம்ல ஒக்காந்து பேசற கூட்டம். அவங்க பேச்சக் கேட்டா என்னாகும்? நம்மாளு மாத்திரைய ஒளிச்சு வெப்பான். இல்லாட்டி, செக்கப்புக்கு மொத நாளு ரெண்டாப் போட்டுட்டு வந்து பிரஷர் சரியா இருக்குதுன்னு காட்டிட்டு, மக்கா நாள்ல இருந்து தொடவே மாட்டான். மாத்திரைய ஒழுங்காத் திங்கற சர்க்கரைக்காரன நம்பி நான் வண்டியில ஏறுவேன். திங்க வேண்டியத நிறுத்திப் போட்டு 'எனக்கு ஒண்ணுமில்ல'ன்னு நெஞ்ச நிமித்தறான் பாரு, அவன் வண்டிக்குப் பக்கத்துல மாட்டக்கூடக் கட்ட மாட்டேன்.

அமெரிக்காக்காரன் இதுல கொஞ்சம் பட்டுத் திருந்தியிருக்கறான். நம்மூர்ப் பையன் ஒருத்தன் அங்க லாரி ஓட்டறான், அவன் சொன்னது. அதிகபட்சம் 2 வருசத்துக்கு ஒருக்கா டாக்டர்கிட்டப் போயே ஆகோணும். டாக்டர் சீட்டுல வாங்குனது, கடையில நேரா வாங்குனது, பச்சிலை மருந்து வரைக்கும் எழுதிக் குடுக்கோணும். சந்தேகமுன்னா, மருந்து எழுதிக் குடுத்த டாக்டருக்கே காயிதம் போட்டுக் கேக்கலாம். முந்தி இன்சுலின் ஊசி போடறவன் தனியா விலக்கு வாங்குனாத்தான் மாநிலம் தாண்டி லாரி ஓட்டலாம். 2018-ல அத மாத்திட்டாங்க. வைத்தியம் பாக்கற டாக்டர் எழுதிக் குடுத்து, மூணு மாசச் சர்க்கரைக் கணக்கக் காட்டுனா ஒரு வருசத்துக்குச் சான்று. ஊசிய வெச்சு ஆளத் தள்ளல, கணக்கக் கேட்டாங்க. இங்கிலாந்துல இன்னும் கறாரு. சர்க்கரை எறங்கிப் போச்சுன்னா நிறுத்தி எதாச்சும் தின்னு, சர்க்கரை சரியான பொறவும் 45 நிமிசம் கழிச்சுத்தான் வண்டிய எடுக்கோணுமாமா.

நம்மூர்ல 45 நிமிசம் நிறுத்துனா? ஓனர் போன் அடிச்சே அந்தாளுக்குப் பிரஷர ஏத்தி விட்டுருவாரு!

இங்கதான் கண்ணு எனக்குச் சிரிப்பு வருது. முகாம் போட்டு ரிப்பன் வெட்டுன அதே முதலாளிதான், 'இன்னுமாடா ஓசூர் தாண்டல?'ங்கறவரு. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்னு 1961-லயே ஒண்ணு போட்டிருந்தாங்க. அஞ்சு பேரோ அதுக்கு மேலயோ வேலைக்கு வெச்சவங்களுக்கு 2025 வரைக்கும் அது பொருந்துச்சு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வேலை, 5 மணி நேரம் ஓட்டுனா கொறைஞ்சது அரை மணி ஓய்வுன்னு அதுல இருந்துச்சு. அந்த அரை மணிய ஒழுங்காக் குடுத்திருந்தா கிளிமிபிரைடு போட்டவனுக்கு இட்லி கெடைச்சிருக்கும். பலூன் செலவும் மிச்சம். கால்வீக்கத்துக்குத் தண்ணி மாத்திரை போடறவன் கதை இன்னும் மோசம். போட்டா அடிக்கடி எறங்கோணும். எங்க எறங்கறது? கேஸ் டேங்கர எங்கன்னா நிறுத்த முடியுமா? அவன் என்ன பண்றான்? லோடு எறக்கற வரைக்கும் மாத்திரையே போடறதில்ல. எந்த ஃபாரத்துல இது ஏறும்?

பெரிய மிஷினெல்லாம் வேண்டாஞ் சாமி. ஒரு பெஞ்சு, ஒரு டம்ளர் காப்பி, பத்து நிமிசம். 'ஜோப்ப, பைய, கேபின் மேல்தட்ட எல்லாம் கொட்டுங்க அண்ணா. அட்டைய வெட்டாம முழுசா வாங்கியாங்க. டாக்டர் சீட்டும் கூட வரட்டும்'னு சொல்லோணும். எப்பப் போடறீங்க, போட்டுட்டு எப்பத் திங்கறீங்க, எப்பத் தூங்கறீங்க? டோஸ மாத்தி எத்தனை நாளாச்சு? போட்ட பொறவு கேபின்ல இருந்து எறங்கறப்ப கண்ணு இருட்டுதா? பிரஷர் மாத்திரை சிலது அப்படிப் பண்ணும், பிராசோசின் மாதிரி. அதுவும் மொத டோஸ்ல. தூங்க வெக்கற மருந்துன்னா, தூங்க வெக்காத மாத்து ஒண்ணு இருக்குதான்னு பாக்கலாம். சளிக்கே ஃபெக்ஸோஃபெனடின்னு இருக்குது, தூக்கம் கொறைவு. இல்லைன்னா நேரத்த மாத்தலாம். அதுவும் ஆகலைன்னா நாலு நாளு லீவக் குடுத்து வூட்டுல படுக்க வெக்கலாம். அந்தாளு பொழப்புப் போயிருமோன்னு பயந்தாத்தான் பொய் சொல்லுவான். பொழப்பு போகாதுன்னு தெரிஞ்சா, மச்சான் குடுத்தது, மாமியா குடுத்தது எல்லாத்தையும் தானாவே மேசையில வெப்பான்.

சரி, பழமை பேசிப் பொழுது போயிருச்சு. திருச்செங்கோட்டுக்கு உம்பட கார்ல கூட்டிட்டுப் போறேன்னியே, கெளம்பலாமா? இரு இரு. அதென்ன, மூக்க உறிஞ்சிக்கிட்டே இருக்கற? மாத்திரை போட்டியா? எப்பப் போட்ட, இப்பத்தானா? பேரு தெரியாதா? மஞ்சக் கலரா!

சாவிய அந்த ஆணியில மாட்டிட்டு வா. என்னையப் பாக்காத, எனக்கு இப்பெல்லாம் எருமை எது, டெம்போ எதுன்னே தெரியறதில்ல. பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் உன் செலவு.