பேனாவுக்கு இரண்டு துபாஷிகள்

கணினியில் படம் வரைவோர் பயன்படுத்தும் டேப்லெட் என்னும் வரைபலகை, மனிதக் கையின் நுட்பங்களைக் கணினிக்கு எடுத்துரைப்பதற்காக உருவாக்கப்பட்டதாயினும், நடைமுறையில் மனிதப் பொறுமையின் எல்லையை அளப்பதற்கே மிகுதியும் பயன்பட்டு வருகிறது. பலகையின் அடியில் பரப்பப்பட்ட கம்பிச்சுருள்கள் மின்காந்தப் புலத்தை எழுப்ப, பேட்டரியில்லாத பேனா அப்புலத்திலிருந்தே ஆற்றலைப் பெற்று, தான் இருக்கும் இடத்தையும் முனையில் விழும் அழுத்தத்தையும் திருப்பித் தெரிவிக்கும் இம்முறைக்கு மின்காந்த ஒத்ததிர்வு என்று பெயர். அழுத்தத்தை 8192 படிகளாகப் பகுத்தறியும் பேனாக்கள் இன்று சாதாரண விலைக்கே கிடைக்கின்றன என்பதும், ஆத்திரம் கொண்ட கைக்கு அவற்றுள் கடைசிப் படி ஒன்றே போதுமானதாக இருக்கிறது என்பதும் ஒருசேரக் கருதத்தக்கவை.

இக்கருவியின் கோளாறுகளுள் தலையாயது அழுத்தம் காணாமற்போதல். மெலிந்து தொடங்கித் தடித்து மீண்டும் மெலிய வேண்டிய கோடு, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனாக விழும். ஆனால் திரையில் அம்புக்குறி ஒழுங்காகவே நகர்வதால், குற்றம் எங்கே என்று எளிதில் புலப்படாது. அந்நிலையில் ஓவியர்கள் முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகுவர். அடுத்துப் பேனாவின் முனையை மாற்றுவர். இறுதியாகப் பேனாவை உதறுவர். மைப்பேனாக் காலத்திலிருந்து வழிவழியாக வரும் இம்மூன்றாவது சிகிச்சை, மையே இல்லாத கருவிக்கு எவ்வகையில் பொருந்தும் என்பது ஆய்வுக்குரியது.

உண்மையில் பேனாவும் பலகையும் பெரும்பாலும் நிரபராதிகள். பேனா சொல்வதை வரைமென்பொருளிடம் சேர்ப்பிக்க விண்டோஸ் கணினியில் இரு வழிகள் உள்ளன: 1991-இல் வகுக்கப்பட்ட வின்டேப் என்பது ஒன்று, மைக்ரோசாஃப்ட் பிற்காலத்தில் தானே அமைத்த விண்டோஸ் இங்க் என்பது மற்றொன்று. ஒரே தர்பாரில் இரண்டு துபாஷிகளை அமர்த்தியதற்கு ஒப்பான இவ்வேற்பாட்டில், பேனா ஒருவரிடம் முறையிட்டுக்கொண்டிருக்க, மென்பொருள் மற்றவரின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும். முடிவில், அழுத்தம் என்பதையே அறியாத மவுஸாகக் கருதப்பட்டு, பேனா தன் 8192 படிகளையும் ஒருங்கே இழந்து நிற்கும். 2014-இல் போட்டோஷாப் விண்டோஸ் இங்க் பக்கம் சாய்ந்தபோது, வின்டேப்பை நம்பியிருந்தோர் இவ்வுண்மையைத் தம் கோடுகள் வாயிலாகவே அறிந்துகொண்டனர். கிரிட்டா என்னும் இலவச மென்பொருளோ எவர் பேச்சைக் கேட்பது என்று தீர்மானிக்கும் உரிமையை ஓவியருக்கே விட்டிருக்கிறது. ஆயினும் அமைப்பை மாற்றியபின் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும் என்பதைக் கவனியாதோர், சரியான விடையைத் தேர்ந்து, அது பலிக்கவில்லையெனச் சினந்து, தவறான விடைக்கே திரும்பிவிடுகின்றனர்.

புதிய பலகை வாங்கியோர் பழைய பலகையின் டிரைவரை, அதாவது கருவியைக் கணினிக்கு அறிமுகப்படுத்தும் நிரலை, நீக்காமல் விடுவதும் உண்டு. வின்டேப்புக்கான கோப்பை எல்லா நிறுவனங்களும் ஒரே பெயரிலேயே வைப்பதால், ஒன்றன் கோப்பை மற்றொன்று அழித்துத் தன்னுடையதை அமர்த்திவிடும்; இரண்டையும் நீக்கி, கணினியை மறுபடி தொடக்கி, ஒன்றை மட்டும் நிறுவுவதே இதற்கு வழி. பேனாவைச் சற்று ஊன்றிப் பிடித்தால் முனையைச் சுற்றி வட்டம் தோன்றிக் கோடு தாமதிப்பது, நீண்ட அழுத்தத்தை வலது கிளிக்காகக் கொள்ளும் விண்டோஸின் உபசரிப்பு; அதை அணைத்துவிடலாம். இரண்டு திரைகளுக்கு ஒரே பலகையைப் பங்கிட்டோர் வட்டம் வரைந்தால் முட்டை கிடைக்கும்; பலகையை ஒரு திரைக்கு மட்டும் ஒதுக்கினால் தீரும்.

இத்தொல்லைகளுள் தலையாயது முற்காலத்தில் இல்லை: 1964-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் உருவாக்கிய வரைபலகையின் பேனாமுனையில் ஒரு சுவிட்ச் மட்டுமே இருந்தமையால், அழுத்தம் போயிற்று என்று புலம்பும் வாய்ப்பு அக்காலத்தார்க்கு அமையவில்லை.

இன்றைய பலகையில் மேற்சொன்ன கோளாறுகளெல்லாம் சீரானபின்னும் கோடு நடுங்குமாயின், கிரிட்டாவின் டேப்லெட் டெஸ்டரில், அதாவது பேனா அனுப்பும் எண்களை அப்படியே காட்டும் சோதனைப் பலகத்தில், ஒரு கோடு இழுத்துப் பார்க்கலாம். அங்கே எண்கள் பிசகின்றி வந்தால், நடுக்கத்துக்கு டிரைவர் பொறுப்பேற்காது. கைநடுக்கத்தை மறைக்கும் ஸ்டெபிலைசர் என்னும் வசதியும் அதே மென்பொருளிலேயே, ஓவியரின் மனம் நோகாத வகையில், பிரஷ் கருவிக்கான தெரிவுகளுக்கிடையே வைக்கப்பட்டிருக்கிறது.