ஃப்ரீசரைத் திறக்காதீர்கள்

சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்று கிடையாது என்பது என் முடிவு. இருந்தால் "கலவையை ஃப்ரீசரில் வைத்து எட்டு மணி நேரம் திறக்காமல் விடவும்" என்று கூசாமல் எழுத முடியுமா? எங்கள் வீட்டில் பீரோவை எட்டு மணி நேரம் திறக்காமல் விடலாம். புத்தக அலமாரியை எட்டு மாதம் விடலாம், விட்டும் இருக்கிறோம். ஃபிரிட்ஜ் மட்டும் முடியாது. ஏதாவது எடுக்கத் திறப்பவர்கள் சிலர். என்ன இருக்கிறது என்று பார்க்கத் திறப்பவர்கள் பலர். மே மாதத்தில் முகத்தில் கொஞ்சம் காற்று வாங்கத் திறப்பவர்கள் எல்லோரும்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. மங்கலம்பேட்டை இருப்பது விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில். கடல் காற்று கடலூரோடு திரும்பிவிடும். மலைக் காற்று கல்வராயன் மலையை விட்டு இறங்காது. எங்களுக்கென்று தவறாமல் வந்து சேருவது வெயில்தான். கூடவே பழமும் வரும். கிழக்கே பண்ருட்டியிலிருந்து பலா வரும், தள்ளுவண்டியில் மாம்பழம் வரும், முந்திரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பழம் இருக்கிறது, வெயிலும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வராமல் வேறென்ன வரும்? பத்தாம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டில் இருந்த என் மகளுக்கு வந்தது.

எங்கள் தலைமுறைக்கு முதல் பழ ஐஸ் சைக்கிளில் வந்தது. கேரியரில் கட்டிய பெட்டி, ஹேண்டில் பாரில் ரப்பர் ஹாரன். ஆரஞ்சு நிறத்தில் இருந்தால் ஆரஞ்சு. ஊதாவாக இருந்தால் திராட்சை. மஞ்சளாக இருந்தால் மாம்பழமா அன்னாசியா என்பதை வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம். பழத்துக்கும் அந்த ஐஸுக்கும் இருந்த உறவு நிறத்தோடு முடிந்தது. தின்றதற்கான சாட்சியம் சாயங்காலம் வரை நாக்கில் இருக்கும், வீட்டில் அடி விழ அது போதும். ஆனால் அந்தக் குச்சி ஐஸைக் கேவலமாக நினைக்கக் கூடாது. 1970இல் ஆர்.ஜி. சந்திரமோகன் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் போட்டதும் குச்சி ஐஸ் கடைதான். அதுதான் அருண் ஐஸ்கிரீம்ஸ் ஆகி, சின்ன ஊர்ச் சனங்களையும் கப்பும் மரக்கரண்டியுமாக நிற்க வைத்தது.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் நாக்கைப் பார்ப்பதில்லை, டப்பாவின் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். ஏதோ ஒரு கம்பெனியின் டப்பாவைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மகள் வகுப்பெடுத்தாள். வெறுமனே ஐஸ்கிரீம் என்று போட்டு விற்க வேண்டுமானால் நம் நாட்டுச் சட்டப்படி குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டுமாம். பால் கொழுப்புக்குப் பதில் எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தால் அதன் பெயர் ஃப்ரோசன் டெசர்ட், அந்தப் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் 525 கிராம் எடை இருந்தால் போதும், மிச்ச இடத்தை நிரப்புவது கடைந்து ஏற்றிய காற்று.

"அப்போ பாதிக்குப் பாதி காத்துக்கா காசு குடுக்குறோம்?" என்றார் என் அம்மா.

மே மாதத்து மங்கலம்பேட்டையில் காற்றுக்குக் காசு கொடுப்பது நியாயம்தான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. ஏனென்றால் அதற்குள் வீட்டிலேயே பலாப்பழ ஐஸ்கிரீம் செய்வது என்று தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அம்மா மட்டும் எதிர்த்து வாக்களித்தார். "பலாப்பழத்தை எதுக்குடி ஒறைய வெக்கணும்? ஒறைய வெக்காமலேயே யாரும் மிச்சம் வெக்கிறதில்லையே." மகளிடம் பதில் இல்லை, கஸ்டர்ட் பவுடர் இருந்தது. அந்தப் பவுடருக்கு ஒரு சரித்திரம் உண்டு. பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்றொருவர். அவருடைய மனைவிக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. அதற்காக 1837இல் முட்டையே இல்லாமல் சோள மாவில் கஸ்டர்ட் கண்டுபிடித்தார். இதை மகள் படித்துச் சொன்னபோது என் மனைவி வேறு எதுவும் பேசவில்லை. என்னை ஒரு முறை பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்காக எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

காய்ச்சிச் சுண்ட வைத்த பால், சர்க்கரை, கஸ்டர்ட் பவுடர், அரைத்த சுளை எல்லாம் சேர்ந்து ஃப்ரீசருக்குள் போயின. எட்டு மணி நேரம் தொடங்கியது.

முதலில் அம்மா திறந்தார், பால் பாக்கெட் எடுக்க. அடுத்து மகன், ஐஸ் தண்ணீருக்கு. மகள் விரலை விட்டு உறைந்துவிட்டதா என்று பார்த்தாள். விரல் போன குழியைப் பார்த்துக் கோபப்பட்ட என் மனைவி, வேறு யாராவது திறந்திருக்கிறார்களா என்று சோதிக்க மணிக்கொரு முறை திறந்தாள். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த அத்தை, "எங்க இருக்கு அந்த ஐஸ்கிரீம், நானும் பாக்குறேன்" என்று கேட்டதால் மரியாதைக்காக அவருக்கு ஒரு முறை திறந்து காட்டப்பட்டது. எல்லோரும் அடங்கிய பிறகு கரண்ட் போனது.

கரண்ட் விஷயத்தில் எங்கள் பக்கத்து மக்களுக்கு ஒரு தத்துவ விசாரம் உண்டு. பஸ் ஏறினால் நெய்வேலி. 1956இல் தொடங்கிய நிறுவனம், பூமியைத் தோண்டிப் பழுப்பு நிலக்கரி எடுத்து அங்கேயே எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கேரளா, கர்நாடகா, ஆந்திரா, புதுச்சேரி என்று எல்லோருக்கும் போகிறது. தப்பு நெய்வேலியுடையது அல்ல, கம்பியில் ஏறிய மின்சாரம் பிறந்த ஊரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. 2012 வாக்கில் சென்னையைத் தாண்டிவிட்டால் நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் ஒன்று இருந்தது. அப்போது ஃபிரிட்ஜ்கள் ரேஷன் கார்டும் பத்திரமும் வைக்கும் பீரோவாக இருந்தன. இப்போது அப்படி இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு, காற்றடித்தால் ஒரு நிறுத்தம், மழை தூறினால் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். ஆனால் ஐஸ்கிரீமுக்கு அதுவே அதிகம்.

ஏனென்றால் பாலிலும் பழத்திலும் இருக்கும் தண்ணீர் அசையாமல் உறைந்தால் ஊசி ஊசியாகப் பெரிய பெரிய படிகமாகும். கதவு திறக்கும்போது சின்னப் படிகங்கள் இளகும், மூடியதும் அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களோடு போய் ஒட்டிக்கொண்டு உறையும். திறந்து திறந்து மூடினால் சின்னதெல்லாம் அழிந்து பெரியது மட்டும் கொழுக்கும். நாக்கில் நறநறவென்று மணல் தட்டுவது அதனால்தான். மறுநாள் காலையில் எடுத்தபோது எவர்சில்வர் கரண்டி வளைந்தது. விருத்தாசலத்துக்குப் பழமலை என்று இன்னொரு பெயர் உண்டல்லவா? எங்கள் ஃப்ரீசருக்குள்ளும் ஒரு பழமலை எழுந்திருந்தது. அம்மா சத்தம் போடாமல் போய் உலக்கையை எடுத்து வந்தார்.

மலையாவது ஒரு வழியாக இளகித் தீர்ந்தது. மணம் தீரவில்லை. பலாவாசனைக்குக் கதவு, தட்டு, மூடி என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்த வாரம் இட்லி பலாச்சுளை வாசனையோடு வெந்தது, தயிரும் அப்படியே. சாம்பாரில் அது என்ன என்று கேட்ட விருந்தாளியிடம் புதுப் பக்குவம் என்று சொல்லிவிட்டோம்.

அடுத்து மனைவியின் யோசனைப்படி அன்னாசி. பச்சையாக அரைத்துப் பாலில் விட்டார்கள். சற்று நேரத்தில் பால் திரிந்தது, வாயில் வைத்தால் கசந்தது. அம்மா திருஷ்டி என்றார். அத்தை பக்கம் பார்க்காமல்தான் சொன்னார். பக்கத்து வீட்டு பாய்தான் விளக்கினார். "கறி வேகலைன்னா பப்பாளிக் காயை அரைச்சுப் போடுறோம்ல? அன்னாசியும் அந்த ஜாதிதாங்க. கறியையே கரைக்கிறது பாலை விட்டு வெக்குமா?" வேதியியல் புத்தகமும் அதையேதான் சொல்கிறது. அன்னாசியில் புரோமெலைன், பப்பாளியில் பாப்பைன் என்று புரதத்தை வெட்டும் நொதிகள் உண்டு. சர்க்கரை போட்டுப் பழத்தை நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செத்துவிடும். ஆறிய பிறகு பாலில் கலந்தால் பால் பிழைக்கும்.

தர்பூசணியைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். அதை உறைய வைத்தால் சைக்கிள்காரர் விற்ற ஐஸ் வரும், ஹாரன் மட்டும் இருக்காது.

வழி, மகளின் அறிவியல் பாடத்தில் இருந்தது. ஐஸோடு உப்பைக் கலந்தால் ஐஸ் இளகத் தொடங்கும். இளகுவதற்கு வேண்டிய வெப்பத்தைப் பக்கத்தில் இருப்பதிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். சரியான விகிதத்தில் கலந்தால் குளிர் மைனஸ் 21 டிகிரி வரை இறங்கும். வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18ஐவிட மூன்று டிகிரி அதிகக் குளிர், அதுவும் கரண்ட் இல்லாமல். வெடியுப்பைக் கரைத்துத் தண்ணீரைக் குளிர வைக்கும் வித்தை அக்பர் அரண்மனையிலேயே இருந்தது, அயினி அக்பரியில் எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மெரினா பக்கத்து ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸைப் போட்டு வைக்க 1842இல் கட்டியது. விவேகானந்தர் அங்கே வந்து தங்கியது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, 1897இல். ஐஸ் ஹவுஸ் எழுந்த மறு வருஷமே, 1843இல், அந்த அமெரிக்காவில் நான்சி ஜான்சன் என்ற பெண்மணி கையால் சுழற்றும் ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். வெளி வாளியில் ஐஸும் உப்பும், உள்ளே பால், மேலே ஒரு கைப்பிடி. அவ்வளவுதான் இயந்திரம்.

எங்கள் இயந்திரம் இன்னும் எளிது. ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கு. விருத்தாசலத்துப் பீங்கான் ஜாடியை அம்மா சிபாரிசு செய்தார். பீங்கான் குளிரை உள்ளே விடாது, ஊறுகாய்க்குத்தான் சரி என்று அது திருப்பி அனுப்பப்பட்டது. ஐஸ் கட்டி, கடலூர் மீனைப் பெட்டியில் வைத்து விற்கிற கடையில் சொல்லி வாங்கியது. ஆகவே தூக்கின் மூடி விஷயத்தில் கவனம் தேவை. மாம்பழ ஐஸ்கிரீமில் வஞ்சிர மணம் வந்தால் யாரும் பாராட்ட மாட்டார்கள்.

இந்த வாளியில்தான் ஓர் உண்மை எனக்குப் பிடிபட்டது. ஃப்ரீசர் நம்மிடம் கேட்பது பொறுமை. வாளி கேட்பது பொறுமையின்மை. தூக்கைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்கடி திறந்து ஓரத்தில் உறைவதைச் சுரண்டிக் கலக்க வேண்டும். விட்டுவைத்தால் கெட்டுவிடும். அசைய அசையத்தான் படிகம் பெரிதாகாமல் பொடிப் பொடியாக நிற்கும், காற்றும் ஏறும். எட்டு மணி நேரம் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத ஒரு குடும்பத்துக்கென்றே செய்த ஏற்பாடு. மகன் திருப்பினான், மகள் திறந்து பார்த்தாள், மனைவி சுரண்டினாள், அத்தை ருசி பார்த்தார், பாய் வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். தயிர் கடைந்து பழகிய அம்மாவின் கை தூக்கைத் தொட்டதும் வேலை இரண்டு மடங்கு வேகமானது. அரை மணி நேரத்துக்குள் மாம்பழ ஐஸ்கிரீம் வந்தது. கரண்டி வளையவில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குக் கணக்கு இதுதான். கொழுப்பு நீக்காத பால் அரை லிட்டர், காய்ச்சி, சற்றுச் சுண்டவிட்டு, நன்றாக ஆற வைத்தது. பாக்கெட் பால்தான் என்றால் 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு ஆவின். மாம்பழக் கூழ் ஒரு டம்ளர். சர்க்கரை, நாக்குக்குக் கொஞ்சம் திகட்டுகிற அளவு. குளிர்ந்தால் இனிப்பு குறைவாகத்தான் தெரியும். தூக்கில் பாதிக்குச் சற்று மேல் மட்டும் ஊற்றுங்கள், காற்றுக்கு இடம் வேண்டும். நொறுக்கிய ஐஸ் மூன்று பங்குக்குக் கல் உப்பு ஒரு பங்கு, அடுக்கடுக்காக. வாளியைச் சுற்றி ஈரக் கோணி. பலாவாக இருந்தால் சுளையை அரைத்து ஒரு கொதி விட்டு ஆற வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனதும் அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள். எடுத்து வைத்து நாளைக்கு என்று நினைக்காதீர்கள், நாளைக்கு என்ன ஆகும் என்பதை மேலே விரிவாகச் சொல்லியிருக்கிறேன். வாளியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுங்கள், கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள். ஐஸ்கிரீம் சாப்பிடாதது அது ஒன்றுதான், அதற்குத் தண்டனை கொடுப்பது நியாயமில்லை.