கடல்நீர்த் தொட்டியின் பின்மதில்: யாழ்ப்பாணக் குடாநாட்டு எல்லையியல் நோக்கில் ஓர் ஆய்வு

1. பிரச்சினை

வீட்டு விறாந்தையில் கடல்மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு என்றோ ஒருநாள் அதன் பின்புறம் கண்ணை உறுத்தத் தொடங்கும். கண்ணாடிக்கு அப்பால் வயர் தெரியும், பம்பின் குழாய் தெரியும், அவற்றுக்கும் அப்பால் சுவர்க் கலண்டர் தெரியும். மீன் இதுபற்றி முறையிட்டதில்லை. முறையிடுபவர் வீட்டுக்கு வரும் மாமி: "என்ன தம்பி, பின்பக்கம் வெறுவெளியாக் கிடக்குது?" மதில் இல்லாத வளவை வளவென்று மதிக்காத ஊரில் இக்கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு. பாறைமதில் எழுப்பப்படும்.

2. முன்னோர் ஆய்வுகள்

1853 இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் உலகின் முதலாவது பொதுமீன்காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டே பிலிப் ஹென்றி கொஸ் அத்துறைக்கு ஒரு நூல் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் ஜகார்த்தாவின் லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையே தொட்டிநீரைத் துப்புரவாக்கும் என்று காட்டினார். பாறையின் மேற்பரப்பிலுள்ள பக்ரீரியாக்கள் மீன்கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும். ஒட்சிசன் குறைந்த உட்துளைகளில் வாழ்பவை அந்த நைத்திரேற்றை வாயுவாக்கி அனுப்பிவிடும். எனினும் இவர்களில் எவரும் எல்லைப் பிரச்சினையைத் தொடவில்லை.

உள்ளூர்ச் சான்றுகள் இரண்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர், சுற்றிவரச் சுண்ணாம்புப் பாறை. நான்கு பக்கமும் பின்மதில் உண்டு; முன்கண்ணாடிதான் இல்லை. 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றி ஐங்கோணமாகத் திருத்திக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையில் முருகைக்கல் மதிலும் உண்டு, அகழியும் உண்டு. ஆனால் அந்த மதில் மீனின் அழகுக்காக எழுந்ததல்ல என்பதால் அதனைத் தள்ளிவிடுகிறோம்.

3. மூலப்பொருள்

குடாநாடே மயோசீன் காலக் கடலுயிர்களின் ஓடும் எலும்பும் இறுகிய சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கிறது. கிணறு வெட்டினாலும் கல், மலசலகூடக் குழி வெட்டினாலும் கல். ஆயினும் மதிலுக்குக் கல் எடுப்பதில் இரு தடைகள் உள.

முதலாவது சட்டம். 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 1988 இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது. இரண்டாவது பாரம். 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. உயரம், 5 செ.மீ. தடிப்புள்ள மதிலின் கனவளவு 13.5 லீற்றர். அதைத் தோட்டத்துச் சுண்ணாம்புக்கல்லில் கட்டினால் நிறை 30 கிலோவைத் தாண்டும். கண்ணாடியில் சாய்த்துவைக்க மனம் இடங்கொடாது.

எனவே அறிஞர் ரெஜிபோமை நாடுவர். அது சந்தையில் ஐஸ் போட்ட மீன் வந்திறங்கிய பெட்டி. செத்த மீனைச் சுமந்த பெட்டியே உயிர்மீனுக்கு மலையாகிறது. கத்தியால் குடைந்தால் வெள்ளை மணிகள் கையில், தலைமயிரில், சாப்பாட்டுக் கோப்பையில் ஒட்டும். தட்டத் தட்ட இடம்மாறுமே தவிரப் போகா. குடைந்தபின் சீமெந்துக் கூழை மூன்று நான்கு தரம் பூசவேண்டும். காங்கேசன்துறையில் 1950 முதல் 1990 வரை பாறையை அரைத்துச் சீமெந்தாக்கினோம்; இப்போது சீமெந்தைக் குழைத்துப் பாறையாக்குகிறோம்.

புதுச் சீமெந்து காரத்தைக் கக்கும். பல கிழமை நீர்மாற்றி ஊறவைக்காமல் மீனை விட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். அடுத்த ஆபத்து ஆக்கிமிடீசு கண்டது. ரெஜிபோமின் அதே 13.5 லீற்றரைக் கடல்நீர் ஏறக்குறைய 14 கிலோ விசையுடன் மேலே தள்ளும்; சீமெந்துப் பூச்சின் பாரம் கழிந்தாலும் மிச்சம் கொஞ்சமல்ல. மதிலை ஒட்டிய சிலிக்கோன் பசை நன்றாகக் காயுமுன் நீர் விடுவோர் கவனிக்க: கல்மதில் கீழே விழும், ரெஜிபோம் மதில் மேலே விழும்.

4. இரு மரபுகள்

மதில் மரபினர் பின்கண்ணாடியோடு இடைவெளியின்றி ஒட்டவேண்டும் என்பர். இடைவெளி இருந்தால் அங்கே நீர் தேங்கும், கழிவு அடையும், செத்த இறாலின் இருப்பிடத்தை மூக்குத்தான் கண்டுபிடிக்கும். வேலி மரபினர் இடைவெளி விட்டு, மதிலில் துளைகள் வைத்து, பின்னால் பம்பைப் பூட்டி நீரோட்டம் விடுவர். இவர்களின் ஆதாரம் நெடுந்தீவு. அங்கே வளவுகளைச் சுற்றி முருகைக்கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிய வேலிகள் நிற்கின்றன. காற்று இடுக்குகளால் போய்வருகிறது. மதில்மேல் பூனையாக ஒரு மூன்றாம் சாராரும் உண்டு. அவர்கள் பின்கண்ணாடியில் கறுப்புக் கடதாசி ஒட்டிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவர். இவர்களின் மீன்களே அதிக காலம் வாழ்வதாக மற்ற இரு மரபினரும் ஒப்புக்கொள்வதில்லை.

5. மீனின் நிலைப்பாடு

டம்செல் மீன்களில் சில இனங்கள் பாறையில் ஒரு துண்டுப் பாசியைத் தம் தோட்டமாகப் பராமரிக்கும். வேண்டாத பாசியைப் பிடுங்கி எறியும். தம்மிலும் பன்மடங்கு பெரிய மீன் வந்தாலும் கலைக்கும். இதற்குமேல் இவ்வினத்தின் பூர்வீகம் குறித்து யாழ்ப்பாண வாசகருக்கு விளக்கம் வேண்டியதில்லை. மீனுக்கு வேண்டியது பின்மதில் அல்ல, பக்கவேலி. இரவில் ஒதுங்க ஒரு பொந்தும், பக்கத்துவீட்டான் முகம் தெரியாதபடி ஒரு மேடும் போதும்.

6. முடிபும் பரிந்துரையும்

அ. பின்மதில் மீனுக்காக அன்று, மாமிக்காகவே கட்டப்படுகிறது. ஆகவே அதன் செலவு தொட்டிக் கணக்கில் அன்றி உறவுக் கணக்கில் எழுதப்படல் வேண்டும்.

ஆ. பொந்தில்லாத மதிலைவிட மதிலில்லாத பொந்து சிறந்தது.

இ. ஒல்லாந்தர் 1707 இல் தொகுப்பித்த தேசவழமையில் அடுத்த வளவுக்குள் சாயும் மரத்தைப் பற்றிப் பேச்சுண்டு. ஒரே தொட்டியில் குடியிருக்கும் இரு டம்செல்களின் நடுவேலியை யார் செலவில் அடைப்பது என்பதற்கு விதியில்லை. சிறிய மீன் நாளுக்கு ஒரு விரற்கடை தள்ளி வருவதாகப் பெரிய மீன் கருதுகிறது. இனி இது விஞ்ஞானிகளின் வேலையல்ல. நல்லதொரு அப்புக்காத்தைப் பிடிக்கவேண்டும்.